பொன்னுத்தாய் விழ வேண்டிய காட்சி

1957 மார்ச் 4, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. வேலைக்குப் பெயர் ‘வசன உதவி’. டைரக்டர் குற்றாலிங்கம் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எழுதியதை மூன்று பிரதி எடுக்க வேண்டும். குமாஸ்தா வேலைதான். ஆனால் படம் என் கதை. அதனால்தான் தினமும் பல்லாவரத்திலிருந்து ரயிலில் கோடம்பாக்கம் வந்து, அங்கிருந்து வடபழனி ஸ்டூடியோவரை வெயிலில் நடக்கச் சம்மதித்தேன்.

குற்றாலிங்கத்தைப் பற்றி இன்றே எழுதி வைக்கிறேன், பிற்பாடு நானே மாற்றிச் சொல்லாமல் இருக்க. ஒன்பது வயதில் தென்காசியிலிருந்து ஓடி வந்து நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பெண் வேஷம் கட்டினார். குரல் உடைந்ததும் வசனம் எழுத உட்கார வைத்தார்கள். பிறகு சினிமா. கதை, வசனம், டைரக்‌ஷன் மூன்றும் தானே என்று பதினேழு படம். ‘தபால்காரன் மனைவி’யைப் பல்லாவரம் கொட்டகையில் ஆறு முறை பார்த்திருக்கிறேன். அதுவரை தமிழ்ப் படத்தில் ஏழை என்றால் பாட்டுப் பாடுவான், கண்ணீர் விடுவான். இவர்தான் அவனைக் கோபப்பட விட்டார். கடைசி மூன்று படங்கள் ஓடவில்லை. ஒன்றில் கதாநாயகியின் ஊர்ப் பெயர் பாதியில் மாறிவிட்டது என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன.

என் கதை ‘சுண்ணாம்புத் தொட்டி’ ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. பொன்னுத்தாய் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்கிறாள். வேலைநிறுத்தம் தோற்றுப்போகிறது. ‘கேட்டில் வந்து என் காலில் விழுகிறவர்களுக்கு வேலை உண்டு’ என்கிறான் முதலாளி. எல்லாப் பெண்களும் விழுகிறார்கள். பொன்னுத்தாய் மட்டும் விழவில்லை. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள்.

இன்று குற்றாலிங்கம் என்னிடம் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை: “கடைசி ரீலு ஒம்மது வே. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

அவர் மனைவி சௌந்திரவல்லியும் பக்கத்தில் இருந்தார். சாட்சி இருக்கிறது.

மார்ச் 6, புதன்

இவர் ஒரு வரிகூடக் கையால் எழுதுவதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறையில் நடப்பார். முதலாளியாக நடந்துபோய்ச் சுவரோரம் திரும்பும்போது பொன்னுத்தாயாகத் திரும்புவார். ஐம்பத்தெட்டு வயது, தொந்தி, நரைத்த மீசை. இல்லாத முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார் பாருங்கள், அங்கே ஒரு பெண் நின்றாள். எழுத மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன வே, வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கீரு? எழுதும்!”

செட்டிலும் இப்படித்தானாம். ஒவ்வொரு வேஷத்தையும் முதலில் அவர் நடித்துக் காட்டுவார், நடிகர்கள் அதைப் பார்த்துச் செய்வார்கள். நாடகக் கம்பெனியிலிருந்து வந்த வழக்கம். நடித்துக் காட்டத் தெரியாதவனை இங்கே யாரும் டைரக்டர் என்று மதிப்பதில்லை.

பொன்னுத்தாயை இரண்டு முறை ‘கோமளா’ என்றார். கோமளா அவருடைய பதினொரு வருஷத்துக்கு முந்தைய படத்தின் கதாநாயகி. பெரிய மனிதர்களுக்கு ஏழைப் பெண்கள் எல்லோரும் ஒருத்திதான் போலிருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

சனிக்கிழமை சொல்லி எழுதிய காட்சியை இன்று மறுபடியும் சொன்னார். அப்போதுதான் தோன்றியது போல, அதே ஜன்னல் பக்கம் நின்று, அதே இடத்தில் தொடையில் தட்டி, “எப்படி இருக்கு?” என்றார்.

சனிக்கிழமைக் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஒம்ம சோதிச்சேன். முழிச்சிருக்கீரா தூங்குதீரான்னு.”

சோதனை என்றால் நெற்றி ஏன் வேர்க்க வேண்டும்? புரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பிரதி எடுக்கிறவனின் விரல் இவர்களுக்கு விளையாட்டுச் சாமான்.

மார்ச் 13, புதன்

ரயில் தாமதம். இரண்டு சட்டை துவைத்தேன். மை தீர்ந்துவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

படப்பிடிப்பு ஆரம்பம். கதாநாயகி ரமாமணி வந்ததும் கொடுத்த புடவையை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“யோவ் வசனத் தம்பி, ஒங்க பொன்னுத்தாய்க்குத் தீபாவளிக்குக்கூட ஒரு நல்ல சேலை கிடைக்காதா?”

“தோல் கம்பெனியில் பட்டுப் புடவை கட்டமாட்டார்கள்” என்றேன்.

“கேமராமேன் கிட்ட சொல்லுங்க. அவரு இந்தச் சேலையைப் படம் புடிக்க மாட்டேங்கறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். புடவை மாறவில்லை. அந்த மட்டுக்குத் திருப்தி.

சௌந்திரவல்லி தினமும் செட்டுக்கு வருவாராம். பழைய நாடக நடிகை. ஓரமாக நாற்காலி போட்டு, ஒரு கூஜா மோரோடு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் குற்றாலிங்கம் அவரிடம் போய் ஒரு டம்ளர் மோர் குடிக்கிறார். அந்த அம்மாள் டம்ளரைக் கொடுத்துக்கொண்டே ஏதோ முணுமுணுக்கிறார். இவர் தலையாட்டுகிறார். திரும்பி வந்ததும் சிங்கம் மாதிரி வேலை செய்கிறார். இன்றைக்கு மட்டும் பதினாலு டம்ளர். பெண்டாட்டியிடம் உத்தரவு வாங்காமல் கேமராவைத் தொட மாட்டார் என்று லைட்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஏழைகளைப் பற்றிப் படம் எடுக்கிறவருக்கு இத்தனை உபசாரமா என்று எனக்குத் தோன்றியது.

மார்ச் 24, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து அக்காவுக்கு விறகு பிளந்து கொடுத்தேன். பாக்கியம் அக்காதான் என்னை வளர்த்தாள், இண்டர்மீடியட் வரை படிக்க வைத்தாள். பதினாறு வருஷமாகப் பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் ஆட்டுத் தோலிலிருந்து ரோமம் பிடுங்கும் வேலை. சுண்ணாம்பு தின்று அவள் விரல் நுனிகளில் ரேகை கிடையாது.

“இன்னாடா உன் படத்துல கதை?” என்றாள். சொன்னேன்.

“வுழலியா? அப்பறம் அவ சோத்துக்கு இன்னா பண்ணா?”

“அதெல்லாம் கதையில் வராது.”

“வராதா? நல்லா கீதே! வேலையும் இல்ல, வீட்டுல அடுப்பும் இல்ல, இவ பாட்டுக்கு மூஞ்சைத் தூக்கினு போயிடுவாளா? அவளுக்குத் தம்பி தங்கச்சி யாரும் இல்லியா?”

“இல்லை” என்றேன். பொன்னுத்தாய்க்கு நான் கூடப்பிறந்தவர்கள் யாரையும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன். அக்காவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்துவிட்டு வெளியே போனேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

புரொட்யூசர் கோதண்டபாணி வந்தார். படத்துக்குப் பெயர் வைத்துவிட்டாராம்: ‘பொறுமைப் பூங்கொடி’. பெயருக்கு ஏற்றபடி பொன்னுத்தாய் முதலாளி காலில் விழ வேண்டும். முதலாளி மனம் இளகி அவளைத் தூக்கி நிறுத்த வேண்டும். “ஜனங்க அழுதுக்கிட்டே வெளிய வரணும் சார். முறைச்சுக்கிட்டே வந்தா அடுத்த ஆட்டத்துக்கு எவன் வருவான்?”

நான் குற்றாலிங்கத்தைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். “விழட்டும். விழுந்தா நல்லாத்தான் இருக்கும்.”

புரொட்யூசர் போனதும் கேட்டேன், “கடைசி ரீல் என்னுடையது என்று சொன்னீர்களே ஐயா?”

“நானா? எப்பம் சொன்னேன்?”

நடிப்பு இல்லை. என் தாயார் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் ஒரு துளி வெட்கம்கூட இல்லை. சௌந்திரவல்லியைப் பார்த்தேன். சாட்சி கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

எங்கள் தெருக்காரனுக்குக் கொடுத்த வாக்கு என்றால் காற்றோடு போகும். ‘தபால்காரன் மனைவி’யை எழுதியவரும் இப்படித்தானா? ஆறு முறை பார்த்தேனே!

ஏப்ரல் 9, செவ்வாய்

கடைசிக் காட்சியின் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“இது ஒம்ம ஊர்ல நடந்ததாவே?”

“நடந்ததுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால்.”

“நெசமா அவ விழலையா?”

“விழவில்லை.”

காகிதத்தை விரலால் தட்டினார். “கேமராவைத் தெருவுக்கு எதிர்த்தாப்புல வைக்கணும்னு எழுதியிருக்கீரு. சாதாரணமா கதை எழுதுதவன் கிட்டத்துல போகச் சொல்லுவான், கண்ணைக் காட்டு, கண்ணீரைக் காட்டும்பான். நீரு ஏன் எட்டி நிக்கீரு?”

“அங்கிருந்துதான் முழுவதும் தெரியும்” என்றேன்.

“ம்” என்றார். என்னை அவர் பார்த்த விதம் பிடிக்கவில்லை. சொன்ன வாக்கை மறக்கிறவருக்கு, ஒரு வரியைப் படித்ததும் மனிதனுக்குள்ளே கையை விடத் தெரிகிறது. இவர் புத்திசாலியா, புரட்டுக்காரரா? இரண்டுமா? ஒரு மனிதரைப் பற்றித் தினம் ஒரு அபிப்பிராயம் வைத்துக்கொள்வது களைப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 17, புதன்

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது?

பிரதிகளைக் கொடுக்க மேக்கப் அறைக்குப் போனேன். கதவு சாத்தவில்லை. சௌந்திரவல்லி அவருக்கு எதிரில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல ஒரு அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். “இது ரமாமணி. பொன்னுத்தாயா நடிக்கா. கோமளா இல்ல. கோமளா பழைய படம். சொல்லுங்க பாப்போம்.” அவர் சொன்னார். “பொன்னுத்தாய்.” “இப்பம் எடுக்கது?” அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

என் நிழல் விழுந்து திரும்பினார்கள். குற்றாலிங்கம் என்னைப் பார்த்துச் சிரித்தார், யார் என்று தெரியாமலே. அட்டையில் கடைசி வரி எனக்குத் தெரிந்தது: ‘ஒல்லியா, கறுப்பா, கோவமா இருக்கிற பையன் சூசை. பல்லாவரம். கதை அவனோடது.’

சௌந்திரவல்லி என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார்.

“ரெண்டு வருசமா இப்படித்தான் தம்பி. பழசு அம்புட்டும் ஞாபகம் இருக்கு. நேத்து இருக்காது. ஷாட்டுல இறங்கிட்டா ஒரு கொறையும் கிடையாது, பாத்திருப்பியளே. இந்தப் படம் ஒண்ணு முடிஞ்சிரட்டும். வெளிய சொல்லிராதிய.”

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

அப்படியானால் மோர், கோமளா, சோதனை, மறந்த வாக்கு எல்லாம் இதுதானா? ஒன்றரை மாதமாக நான் வெறுத்தது எதை? என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அது போக மாட்டேன் என்கிறது. அவர் மறந்தால் என்ன, மறக்காவிட்டால் என்ன, பொன்னுத்தாய் விழத்தானே போகிறாள்.

ஏப்ரல் 22, திங்கள்

வயிற்றுப்போக்கு. ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. பக்கத்துக் கம்பெனியிலிருந்து டெலிபோனில் சொல்லிவிட்டேன். அக்கா கஞ்சி வைத்தாள். நாள் முழுக்கப் பாயில் படுத்துக் கூரை ஓடுகளை எண்ணினேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கடைசிக் காட்சி எடுத்தாயிற்று.

புரொட்யூசர் வியாபார விஷயமாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். பின்பக்க மைதானத்தில் கம்பெனி கேட்டைக் கட்டியிருந்தார்கள். முதலாளி வேஷத்தில் கணபதிராமன், பழைய நாடக நடிகர். குற்றாலிங்கம் மோர் குடித்துவிட்டு வந்து, “அம்மா ரமாமணி, நீ வந்து நேரா அவரு கால்ல விழுதே” என்றார்.

நான் அருகில் போய், நேற்று நாங்கள் பேசியதை அவருக்கு நினைவுபடுத்தினேன். பொன்னுத்தாய் விழ வேண்டாம், கடைசி ரீலில் ஒரு எழுத்து மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்னதை.

“நானா சொன்னேன்?”

“நீங்கள்தான் ஐயா.”

அவர் முகத்தில் பயம் வந்து போனது. உடனே மீசையைத் தடவினார். “ஆமா. சொன்னேன்லா. நான் சொன்னா சொன்னதுதான்.”

அவர் சொன்னது உண்மைதானே? மார்ச் 4ஆம் தேதி சொன்னார், இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். நாள்தான் வேறு.

பிறகு அவர் எடுத்தது! கேமராவை எதிர்ச் சாரிக்குத் தள்ளச் சொன்னார். மேல்துண்டை முந்தானையாக்கி, கேட்டுக்கு முன்னால் போய் நின்று, பொன்னுத்தாயாக முதலாளியை அண்ணாந்து பார்த்தார். வசனமே இல்லை. மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, ஏதோ மறந்துவிட்டு வந்தவள் போலத் திரும்பி நடந்தார். லைட்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். ரமாமணி மூன்றே டேக்கில் அதை அப்படியே செய்தாள். என் காட்சி. ஒரு எழுத்து மாறவில்லை.

சாயங்காலம் புறப்படும்போது சௌந்திரவல்லி காரில் ஏறப் போனவர் நின்று என்னைப் பார்த்தார்.

“வயிறு இப்பம் பரவாயில்லையா தம்பி? நேத்து நீங்க வரலைன்னதும் இவுக கேட்டாக.”

பரவாயில்லை என்றேன். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் பல்லாவரம்வரை நின்றுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அக்கா ஏன் என்று கேட்டாள். விறகு பிளக்கப் போனேன்.

மே 3, வெள்ளி

எடுத்தவரைக்கும் ஸ்டூடியோ கொட்டகையில் போட்டுப் பார்த்தோம். புரொட்யூசர், குற்றாலிங்கம், சௌந்திரவல்லி, கேமராமேன், நான்.

கடைசிக் காட்சி வந்தது. பொன்னுத்தாய் திரும்பி நடக்கிறாள். புரொட்யூசர் எழுந்து நின்றுவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் குற்றாலிங்கம் முன் வரிசையிலிருந்து கை தட்டினார்.

“பேஷ்! என்னமா எடுத்திருக்கான்! யாரு வே டைரக்‌ஷன்?”

முதலில் யாரோ சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. அவர் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார், பதிலுக்காக. சிரிப்பு நின்றது. புரொஜக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சௌந்திரவல்லி அவர் கையைப் பிடித்து, “நம்ம படந்தான், வாங்க” என்று எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் என் நாற்காலியை விட்டு எழவில்லை.

மே 5, ஞாயிறு

புரொட்யூசர் வீட்டுக்குக் கூப்பிட்டார். சௌந்திரவல்லி முன்பே அங்கே இருந்தார்.

“ரெண்டு வழி” என்றார் கோதண்டபாணி. “ஒண்ணு, நாளைக்கே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, டைரக்டருக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்லி அவர் பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போடுவேன். இன்னொண்ணு, அந்த ஒரு காட்சியை நான் சொன்னபடி திருப்பி எடுத்துக் குடு. அவரு பேரு அப்படியே இருக்கும். டைரக்டருக்குக் காய்ச்சல், உக்காந்து மட்டும் பார்ப்பாருன்னு வெளிய சொல்லிக்கலாம். எடுக்கப் போறது நீ. யூனிட்டுல அந்தக் கதையை முழுசாத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்.”

“நான் மாட்டேன் என்றால்?”

“மாட்டேன்னா முதல் வழி.” கொஞ்சம் நிறுத்தி, “ஒழுங்கா எடுத்துக் குடுத்தா அடுத்த படத்தை நீயே பண்ணு. நான் வாக்கு மாற மாட்டேன்” என்றார்.

சௌந்திரவல்லி மடியில் கைகளை வைத்தபடி இருந்தார். நேரில் ஒரு முறைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. “இவுகளுக்கு இது பதினெட்டாவது படம் தம்பி” என்றார், அவ்வளவுதான்.

சரி என்று சொன்னேன். அந்த மனிதரின் பெயருக்காகத்தான் சொன்னேன். நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் படம் புரொட்யூசர் இஷ்டப்படி முடிந்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே இது என் கடமை. அடுத்த படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

மே 6, திங்கள்

அக்காவிடம் கேட்டேன். ஆறு வருஷமாகக் கேட்காததை.

“அன்றைக்குக் கேட்டில், நீங்கள் எல்லோரும் விழுந்தபோது, எப்படி இருந்தது?”

அக்கா மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“எப்படி இருக்கும்? வெயிலு. என் முன்னாடி தனம் வுழுந்தா, அப்பறம் நான். பதினெட்டு பேரு. மொதலாளி கால்ல கட்டைவெரல் நெகம் இருக்குதே, இம்மாம் பெரிசு, மஞ்சளா, மாட்டுக் கொம்பு மாதிரி. தனம் அதைப் பாத்துட்டு வந்து உள்ள ஒக்காந்து சிரிக்கிறா சிரிக்கிறா, நிறுத்தவே முடியல. ஒரு மாசம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.”

“சிரித்தீர்களா?”

“பின்ன? அழுவுறதுக்கு மூணு மாசம் வேலை இல்லாம இருந்தப்பவே அழுதாச்சு. உனக்கு அதெல்லாம் தெரியாது, நீ காலேஜுல இருந்த.”

நான் தலையாட்டினேன்.

ஆறு வருஷம் நான் சுமந்துகொண்டு திரிந்த காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. எங்கே தப்பு நடந்தது? அவள் மறைக்கிறாளா, நான் தப்பாக எழுதினேனா? அவள் சிரித்தால் அவமானம் இல்லாமல் போய்விடுமா? அந்த முதலாளி இன்னும் அதே கேட் வழியாகத்தான் காரில் வருகிறான். அக்கா ஒதுங்கி நிற்கிறாள். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றி எரிகிறது. அவளுக்கு எரியவில்லை என்றால் இந்த நெருப்பு யாருடையது?

மே 9, வியாழன்

எடுத்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு மைதானத்தில் எல்லாம் தயார். குற்றாலிங்கம் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சௌந்திரவல்லி. அவர் இருக்கிற தோற்றம் வேண்டும் என்று புரொட்யூசர் சொல்லியிருந்தார்.

கேமராவை எதிர்ச் சாரியிலிருந்து எடுத்து, கேட்டுக்குக் கிட்டத்தில் வைக்கச் சொன்னேன். பிறகு ரமாமணியிடம், “நீங்கள் வந்து முதலாளி காலில் விழுகிறீர்கள்” என்றேன்.

“எப்படி விழணும்?”

“சாதாரணமாக.”

“சாதாரணமான்னா? சாமி கும்புடற மாதிரியா, கல்யாணப் பொண்ணு மாதிரியா? செஞ்சு காட்டுங்க தம்பி. இந்த யூனிட்டுல செஞ்சு காட்டாம நான் எப்ப நடிச்சிருக்கேன்?”

நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். கணபதிராமன் முதலாளி உடுப்பில் கேட்டுக்கு முன்னால் நின்று, “வாங்க டைரக்டரே, விழுங்க” என்று கண்ணடித்தார்.

போய் விழுந்தேன். தடால் என்று, கையும் காலும் நீட்டி. மைதானமே சிரித்தது. “தம்பி, இது முருகன் கோயில்ல அங்கப்பிரதட்சணம்” என்றாள் ரமாமணி.

இரண்டாவது முறை யோசிக்காமல் செய்தேன். கையில் இல்லாத தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தேன், கவிழாமல் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு. முந்தானையை இழுத்துச் செருகினேன். முதலில் இடது முழங்கால். அது அவளுக்கு வலிக்கிற முழங்கால், அதனால் மெதுவாக. ஒரு கை தரையில். தலையைக் குனிவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரு பார்வை, யாராவது தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று. பிறகு நெற்றி. செருப்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, தொடாமல்.

மண் சுட்டது. யாரும் சிரிக்கவில்லை.

“ஏ வே!” குற்றாலிங்கத்தின் குரல். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்ததா, தெரியாது. “இதை எங்க வே பாத்தீரு?”

நான் மண்ணில் கிடந்தபடியே சொன்னேன். “பல்லாவரத்தில். எங்கள் அக்கா.”

கணபதிராமன் குனிந்து என் தோளைத் தொட்டு, “போதும், எந்திரிங்க தம்பி” என்றார். அப்போது கண்ணடிக்கவில்லை.

ரமாமணிக்கு ஐந்து டேக் ஆயிற்று. தூக்குச்சட்டியை அழுத்திப் பார்ப்பது அவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நான் விழுந்து காட்ட வேண்டியிருந்தது. புரொட்யூசருக்கு ரொம்பத் திருப்தி. “இதைத்தானய்யா முதல்லேர்ந்து கேட்டேன்” என்றார். அவர் கேட்டது இது இல்லை. ஆனால் என்ன வித்தியாசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா என் சட்டையைப் பார்த்தாள்.

“இன்னாடா இவ்ளோ மண்ணு?”

“அந்தக் காட்சி எடுத்தோம்.”

“வுழுந்தாளா?”

“விழுந்தாள்.”

“நல்லா வுழுந்தாளா?”

“நன்றாகத்தான். சட்டியைக் கீழே வைத்து, கவிழாமல் அழுத்திப் பார்த்துவிட்டு.”

அக்கா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். “அது உனக்கு எப்படித் தெரியும்?”

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். காலையிலிருந்து ஆறு முறை விழுந்ததில் உடம்பில் பொய் சொல்கிற தெம்பு இல்லை. அன்று காலேஜுக்குப் போகிற வழியில் எதிர்ச் சாரியில் நின்றேன் என்று சொன்னேன். அவள் முறை வரும்வரை நின்றேன், அவள் எழுந்து உள்ளே போகும்வரை நின்றேன், பிறகு ஒன்பதேகால் ரயிலைப் பிடித்துக் காலேஜுக்குப் போய்விட்டேன் என்று சொன்னேன்.

அக்கா தட்டில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து, தன் விரல்களைப் பார்த்தாள்.

“கூப்டிருக்கலாம்ல” என்றாள்.

கூப்பிட்டு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.